ஒரு சாய்கோடும் 11 கல்வெட்டுகளும்

போன மாதம் நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் 11 கல்வெட்டுகளை அழித்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது, செத்தவீடு முடிந்து 31ஆம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் சிறிய புத்தகத்தை. போனவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் பாட்டு, முன்பக்கத்தில் ஒரு படம். யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்பது பல குடும்பங்களுக்கு வேறெங்கும் எழுதி இல்லை, அதில்தான் இருக்கிறது. எங்கள் சனசமூக நிலையத்துக்காக அவற்றை ஸ்கேன் செய்து ஒரு தளத்தில் போட்டு வருகிறேன். தளம் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது.

ஒரு கல்வெட்டை ஊர் வாரியாகவும் தேடுவார்கள், ஆண்டு வாரியாகவும் தேடுவார்கள். இரண்டு இடத்திலும் பிரதி போட்டால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது பிழையாகவே கிடக்கும். அதனால் மூலப் படங்களை ஒரே கோப்புறையில் வைத்துவிட்டு, மற்ற இடங்களில் சிம்லிங்க் போட்டேன். சிம்லிங்க் என்றால் உள்ளே வேறொரு பாதை மட்டும் எழுதிய சின்னத் துண்டு. பிஎஸ்டி யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் 4.2 பதிப்போடு 1983இல் வந்த பழைய வசதி இது, லினக்ஸ் சேர்வர்களில் இன்றும் தினமும் பயன்படுவது.

ஊர்ப் பிரிவை மாற்றி அமைக்க நினைத்து, பழைய அளவெட்டிக் கோப்புறையை அழிக்கச் சொல்லி ஸ்கிரிப்டை ஓட விட்டேன். சிம்லிங்க்குகள் மட்டும் போக வேண்டும், மூலம் அப்படியே இருக்க வேண்டும். ஓடி முடித்தபோது திரையில் 11 எச்சரிக்கைகள். எல்லாம் ஒரே சொல்: இது கோப்புறை அல்ல, நீக்க முடியாது. சரி, சிம்லிங்க்கை நீக்கவில்லைப் போல என்று நினைத்து மூலக் கோப்புறையைத் திறந்தேன். 11 கோப்புறைகள் இருந்தன. உள்ளே ஒரு பக்கமும் இல்லை.

அந்த நிமிடம் கை குளிர்ந்துபோனது. அதில் ஒன்று ஒரு மாஸ்டர் கொண்டு வந்து தந்தது. 1995 ஒக்டோபரில் போரில் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, உடுப்புப் பையோடு கல்வெட்டுக் கட்டையும் சுமந்து போன மனுசன்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அந்த அழிப்பு ஃபங்ஷனின் முதல் வேலையே இஸ்_லிங்க் கேட்பது, அதாவது இது சிம்லிங்க்கா என்று பார்ப்பது. சிம்லிங்க் என்றால் அன்லிங்க் செய்து அதை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பு, உள்ளே போகாதே. கண் முன்னால் அந்த வரி இருக்கிறது. ஆனால் சிம்லிங்க்கைப் பார்த்து, இது சிம்லிங்க் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இது பிஎச்பியின் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கேட்ட ஆட்கள் எல்லாரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் கேஷ்தான் காரணம், அதைத் துடைக்கும் கிளியர்ஸ்டாட்கேஷ் போடு. போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இங்கே இரண்டு விசயத்தைப் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஸ்டாட் கேஷ் என்பது கடைசியாகக் கேட்ட பாதையின் விபரத்தை மட்டும், அந்த ஓட்டம் முடியும்வரை நினைவில் வைப்பது. ரியல்பாத் கேஷ் வேறு. அது ஒரு பாதை உண்மையில் எங்கே போய் முடிகிறது என்பதை, நாங்கள் மாற்றாவிட்டால், 120 விநாடி வைத்திருக்கும். புதிய பதிப்புக்குச் சிம்லிங்க்கைத் திருப்பிவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் பழைய பக்கமே வருகிறதே, அதற்குக் காரணம் இரண்டாவதுதான். என் சிக்கலில் இரண்டுக்குமே பங்கில்லை.

பிறகு ஃபங்ஷனை விட்டுவிட்டு, டெர்மினலில் ஒரேயொரு சிம்லிங்க்கை எடுத்துக் கேட்டேன். இஸ்_லிங்க்: ட்ரூ. ஸ்கிரிப்டுக்குள் அதே சிம்லிங்க்: ஃபால்ஸ். ஸ்கிரிப்ட் கேட்கும் பாதையை அப்படியே அச்சிடச் செய்து, இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். கீழே இருந்ததன் கடைசியில் ஒரு சாய்கோடு. கோப்புப் பெயரைப் பின்னால் ஒட்ட வசதியாக, ஃபங்ஷனின் முதல் வரியிலேயே நானே ஒட்டி வைத்த சாய்கோடு.

அதுதான் முழுக் கதையும். இஸ்_லிங்க் உள்ளே கேட்பது எல்ஸ்டாட், அதாவது ஒரு பாதையில் என்ன இருக்கிறது என்று இயங்குதளத்திடம் விசாரிக்கும் கட்டளை. பெயரை மட்டும் கொடுத்தால் எல்ஸ்டாட் சிம்லிங்க்கைப் பற்றியே சொல்லும். கடைசியில் சாய்கோடு இருந்தால், இது ஒரு கோப்புறை, அதற்குள் போ என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். சிம்லிங்க்கைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் இருக்கும் மூலக் கோப்புறையைப் பற்றிப் பதில் சொல்லும். அது எந்த வகைப் பொருள் என்று காட்ட எல்ஸ்டாட் தரும் மோட் எண்ணை எட்டடிமான முறையில் பாருங்கள்: சாய்கோடு இல்லாமல் 120 என்று தொடங்கும், அது சிம்லிங்க். சாய்கோட்டோடு 40 என்று தொடங்கும், அது கோப்புறை. பிஎச்பி பொய் சொல்லவில்லை. நான் கேட்டது வேறு பொருளைப் பற்றி.

அந்த 11 எச்சரிக்கைகளும் அதையேதான் சொல்லியிருக்கின்றன. கோப்புறையா என்று பார்க்கும் இஸ்_டிர் சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து போய், கோப்புறைதான் என்றது. நீக்கப் போன ஆர்எம்டிர், இது கோப்புறை அல்ல என்றது. ஒரே பாதைக்கு இரண்டு பதில் வந்தால் அந்த இடத்தில் சிம்லிங்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் எச்சரிக்கையை வாசித்துவிட்டுக் கடந்து போனேன்.

சோதனையில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். சோதனைக் கோப்புறையைச் சேர்வரில் செய்து, கோட் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் போட்டிருந்தேன். சோதித்தது என் விண்டோஸ் மடிக்கணினியில். அங்கே கிட்டின் சிம்லிங்க் அமைப்பு அணைந்திருந்தால், சிம்லிங்க்குக்குப் பதிலாகப் பாதையை எழுதிய சாதாரண உரைக்கோப்பு ஒன்றைத்தான் வைக்கும். ஸ்கிரிப்ட் அந்த உரைக்கோப்பை ஒழுங்காக அழித்தது, நான் திருப்திப்பட்டேன். சிம்லிங்க்கே இல்லாத இடத்தில் சிம்லிங்க்கைச் சோதித்திருக்கிறேன்.

இதற்காகத்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். இங்கே பிஎச்பி படிக்கிற பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றுகிறார்கள். வகுப்பே, பாதி வேலையை ஆயத்தமாகத் தரும் ஃபிரேம்வேர்க்கில்தான் தொடங்குகிறது. லாராவெல் என்ற ஃபிரேம்வேர்க்கில் ஸ்டோரேஜ் லிங்க் கட்டளையை மனப்பாடமாக அடிப்பார்கள், ஆனால் அது ஒரு சிம்லிங்க்கைத்தான் செய்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். படம் வரவில்லை என்றால் கட்டளையைத் திரும்ப அடிப்பார்கள். கோப்புகள் டிஸ்கில் எப்படி இருக்கின்றன என்பதை முதல் மாதமே படிப்பிக்க வேண்டும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் வரும் அம்புக்குறியைப் பார்த்து, இது எதைக் காட்டுகிறது என்று கேட்கத் தெரியாத பிள்ளையிடம் அழிக்கிற கோட் எழுதச் சொல்லக் கூடாது. படிப்பிக்கிறவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

விண்டோஸிலேயே சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே சிம்லிங்க் போலவே வேறொரு கோப்புறையைக் காட்டும் ஜங்ஷன் என்று இன்னொன்று இருக்கிறது. அட்மின் உரிமை இல்லாமலே செய்யலாம் என்பதால் பலர் அதைத்தான் போடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க இஸ்_லிங்க்கை மட்டும் நம்ப வேண்டாம். பிஎச்பி நூலகங்களை நிறுவும் கம்போசரே ஜங்ஷனுக்கென்று தனியாக ஒரு சோதனை வைத்திருக்கிறது. கோப்புறையைக் காட்டும் சிம்லிங்க்கை விண்டோஸில் நீக்க அன்லிங்க் போதாது, ஆர்எம்டிர் வேண்டும்.

எது எது போனது என்று கணக்கெடுக்கும்போது இன்னொன்றும் பட்டது. ஆண்டுப் பிரிவின் முகப்புப் படங்கள், மூலத்தின் முதல் பக்கத்தைக் காட்டும் சிம்லிங்க்குகள். மூலம் போனதும் அவை அந்தரத்தில் நின்றன. டெர்மினலில் சிவப்பாகத் தெரிகின்றன, ஆனால் ஃபைல்_எக்ஸிஸ்ட்ஸ் கேட்டால் இல்லை என்று வரும், ஏனென்றால் அது அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறது. இஸ்_லிங்க் கேட்டால் இருக்கிறது. முதலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு சிம்லிங்க்கா என்று கேட்கும் கோட், அறுந்த சிம்லிங்க் ஒன்றையும் ஒருநாளும் காணாது. சிம்லிங்க்கா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், அதுவும் பாதையின் கடைசிச் சாய்கோட்டை ஆர்ட்ரிம்மால் வெட்டிவிட்டு.

பக்அப் மூன்று கிழமை பழசு. அதிலிருந்து 9 திரும்பி வந்தன. இரண்டு அதற்குப் பிறகு ஸ்கேன் செய்தவை, மாஸ்டருடையதும் அதில் ஒன்று. போய் உள்ளதைச் சொன்னேன். "புத்தகம் வீட்டில இருக்குத் தானே தம்பி, திரும்ப எடுப்பம். ஆனா அம்மம்மாவின்ர படம் உள்ள பக்கத்தைக் கவனமாத் திருப்பு, தாள் உடையுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு விறாந்தையில் இருந்து 36 பக்கமும் திரும்ப எடுத்தேன். இரவு சேர்வரில் ஒரு சோதனைக் கோப்புறை செய்து, ஸ்கிரிப்டே சிம்லிங்க் போட்டு, ஸ்கிரிப்டே அழிக்கும்படி மாற்றினேன். சிம்லிங்க் போனது. மூலத்தில் 36 பக்கமும் இருந்தன. அதற்குப் பிறகுதான் அளவெட்டிக் கோப்புறையைத் தொட்டேன்.