வீட்டில் வரைவதை ஒளித்து வைக்காதீர்கள்

போன வாரம் ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். கல்லூரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கை ஓயாமல் வரைகிறாளாம். வீட்டுக்கு வந்தால் பென்சிலைத் தொடவே முடிவதில்லையாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "நீ சும்மாதானே இருக்க?" என்கிறார்கள்.

அந்த 'சும்மா'வைப் படித்ததும் எனக்கு மனது என்னவோ செய்தது. நானும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்தான். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை படிக்கிறது என்று வீடே மெதுவாக நடக்கும். ஓவியம் படிக்கிற பிள்ளை அரை மணி நேரம் ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைப் படிப்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் எங்கள் படிப்பில் பாதி அதுதான். நாற்காலியின் கால்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் என்ன வடிவம், அதன் நிழல் தரையில் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பழகுவதற்குத்தான் முதலாண்டு முழுவதும் போகிறது.

கல்லூரியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆளை எதிரில் நிறுத்தி வரையும் லைஃப் டிராயிங் வகுப்பில் ஒரு நிமிட போஸ், இரண்டு நிமிட போஸ் என்று தாள் தாளாகத் தள்ளுவோம். எல்லார் கையும் கரியாக இருக்கும். சரியாக வராத படத்தைக்கூடச் சுவரில் குத்தி வைத்து, பத்துப் பதினைந்து பேர் நின்று எங்கே இடறியது என்று பேசுவோம். அப்புறம் கரி ஒட்டாமல் தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்துச் சுருட்டி, காற்றில் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் டிராயிங் போர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே கிடைப்பது இரண்டே விமர்சனம். "நல்லா இருக்கு." இல்லையென்றால், "இது யாரு?"

அதற்குப் பயந்து நான் முதல் இரண்டு வருடம் ஒரு காரியம் செய்தேன். எதையும் வீட்டில் காட்ட மாட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைவேன், கெட்டுப்போன தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுவேன். முடித்த படத்தை மட்டும் வெளியே கொண்டுவந்து வைப்பேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார், "அவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை."

இப்போது யோசித்தால் சிக்கல் அங்கேதான் தொடங்கியது என்று தெரிகிறது. ஒரு நல்ல தாளுக்குப் பின்னால் கிழிந்த பத்துத் தாள்களை அவர்கள் பார்த்ததே இல்லை. கைவந்த கலைக்கு நேரம் எதற்கு? தானாக வருவதுதானே? அப்படியென்றால் அவளைக் கடைக்கு அனுப்பலாம், விருந்தாளியோடு உட்காரச் சொல்லலாம். என்னை 'சும்மா' இருப்பவளாக ஆக்கியதில் என் கதவுக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் வருடம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரே ஆளை வைத்து ஒரு ஸ்கெட்ச் புக்கை நிரப்ப வேண்டும். வேறு யார் கிடைப்பார்கள்? துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். கையை முழுசாக நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடினேன்.

"ஏண்டி ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்குற?"

அளக்கிறேன் என்றேன். பென்சில் நுனி உச்சந்தலையில், கட்டைவிரல் மோவாயில். அந்த நீளம் ஒரு தலை. அதே நீளத்தைக் கொண்டு தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று எண்ண வேண்டும். முழங்கை மடங்கினால் அளவே மாறிவிடும், இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பென்சில் ரெண்டாகத் தெரியும் என்று விளக்கினேன். நின்றுகொண்டிருக்கும் பெரிய ஆள் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை உயரம் இருப்பார் என்றும் சொன்னேன். அம்மா என் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அப்பாவைப் பார்த்து ஒரு கண்ணை மூடி, உதடு அசைய எண்ணினார். "ஆமாண்டி, ஏழுக்கு மேல கொஞ்சம் வருது."

அன்று வரைந்த படம் நன்றாக வரவில்லை. "நான் இவ்ளோ கோவமாவா இருக்கேன்?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நான் புருவக் கோட்டை ஒரு நூல் கீழே இறக்கிவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரப்பரால் ஒற்றி எடுத்து மேலே ஏற்றினேன். முகம் இளகியது. அம்மா அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் அப்பா என்னைக் கூப்பிட்டபோது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, "அவ வேலையா இருக்கா, விடுங்க."

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1514-ல் தன் அம்மாவைக் கரித்துண்டால் வரைந்தார். அறுபத்து மூன்று வயது, பதினெட்டுப் பிள்ளை பெற்ற உடம்பு, நெற்றிச் சுருக்கம், கழுத்து எலும்பு எதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோக, அதையும் அதே தாளில் எழுதி வைத்தார். பிரெஞ்சு ஓவியர் ஸெசானின் அப்பா வங்கி நடத்தியவர், மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று நின்றவர். அந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதை 1866-ல் ஸெசான் ஆளுயரத்துக்கு வரைந்தார். அப்பாவின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னப் படம் தொங்கும். அது ஸெசான் தானே வரைந்த படம்! கலை வரலாற்று வகுப்பில் திரையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்காக வீட்டார் மட்டும் மாற வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி படிப்பைப் பற்றியதே இல்லை, நாற்றத்தையும் இடத்தையும் பற்றியது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆயில் பெயின்ட்டைக் கரைக்கிற டர்பன்டைனின் ஆவி உடம்புக்கு ஆகாது. படுக்கிற அறையில் அதைத் திறந்து வைக்கவே கூடாது. ஆயில் பெயின்ட்டில் கலக்கும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது அதைவிட ஆபத்து. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். சிலை வார்க்கக் கரைத்த பிளாஸ்டரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், தண்ணீருக்குள்ளேயே இறுகிக் குழாயை அடைத்துவிடும். இடம் இல்லாத வீட்டில் ஆயில் வேலையைக் கல்லூரியிலேயே வைத்துக்கொண்டு, கரி, பென்சில், நீர்வண்ணம் மட்டும் வீட்டில் செய்வதில் குறைவொன்றும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றிக் காய்வது அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுவது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள் ஆகும். நான் இதைச் சொல்லி வைக்காததால்தான், இடத்தை அடைக்கிறதே என்று தம்பி ஒரு கேன்வாஸை முகம் சுவரில் படும்படி சாய்த்து வைத்தான். மூன்று வார வேலை சுவரோடு போனது. அவன் மேல் தப்பில்லை.

கல்லூரி ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான்கு அடி கேன்வாஸை வீட்டு வேலையாகக் கொடுக்கும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டில் நான்கு அடி வெற்றுச் சுவர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டுடியோவை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

"இதை வச்சு என்ன பண்ணப் போற?" என்ற கேள்வி நியாயமானதுதான். அனிமேஷன், ஜவுளி வடிவமைப்பு, புத்தகப் படங்கள், அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களைச் சீர்செய்வது என்று பதிலும் இருக்கிறது. ஆனால் தினமும் சாயங்காலம் அந்தக் கேள்வியை வாசலில் நிறுத்தி வைத்தால் பிள்ளை வீட்டுக்கு வரவே தயங்கும். ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள், முழுசாகப் பேசட்டும்.

அந்தத் தங்கைக்கு நான் சொல்வது இதுதான். இன்றைக்கு அறைக்குள் போகாதே. எல்லாரும் இருக்கிற இடத்திலேயே உட்கார். வீணாய்ப் போகும் தாளையும் அவர்கள் கண்ணில் படும்படியே வை.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து புக்கை எடுத்ததுமே மடிப்பதை நிறுத்திவிட்டு, "வெளிச்சம் இடப்பக்கமா வருது, பரவாயில்லையா? திரும்பி உக்காரவா?" என்று கேட்டார்.