தனியாள் ஆய்வுப் பதிவேட்டில் ஆசிரியரைக் காணோம்

கற்பித்தல் பயிற்சி முடிந்து பி.எட். மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பும் பருவத்தில், பாளையங்கோட்டையில் எந்த பைண்டிங் கடைக்குப் போனாலும் பதிவேடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். பாடக்குறிப்பு, உற்றுநோக்கல், துணைக்கருவிகள், அடைவுத் தேர்வு என்று நீளும் அந்த வரிசையில், ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து எழுதும் தனியாள் ஆய்வுப் (கேஸ் ஸ்டடி) பதிவேடும் ஒன்று. ஆசிரியர் கல்வியில் நெடுநாளாக இருப்பவள் என்பதால் ஆண்டுதோறும் இவற்றை வாசித்து வருகிறேன். நம் ஆசிரியர் பயிற்சியில் மிகுந்த பயன் தரக்கூடிய ஆய்வுமுறை இதுதான் என்பதும், இன்று மிக அதிகமாக வீணாகிக்கொண்டிருப்பதும் இதுதான் என்பதும் என் உறுதியான கருத்து.

பதிவேடுகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன. பயிற்சி ஆசிரியர் தம் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பிள்ளை படிப்பில் பின்தங்கியதாகவோ, தாமதமாக வருவதாகவோ, யாரிடமும் பேசாததாகவோ இருக்கும். அடுத்து குடும்பப் பின்னணி: தந்தை குடிப்பவர், தாய் பீடி சுற்றுபவர் அல்லது வயல் வேலைக்குப் போகிறவர், வீட்டில் படிப்பதற்குச் சூழல் இல்லை. பிறகு தீர்வு: அன்பாகப் பேசினேன், முன்வரிசையில் அமர வைத்தேன், பெற்றோரைச் சந்தித்து அறிவுரை கூறினேன். இறுதியில், மாணவனிடம் நல்ல மாற்றம் காணப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் எப்படி நடத்தப்பட்டது, ஆசிரியர் என்ன கேள்வி கேட்டார், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார், பிள்ளை தன் குறிப்பேட்டில் என்ன எழுதியிருந்தது, அதை யார் எப்படித் திருத்தினார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இராது. பிள்ளை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வறுமை இருக்கிறது. கற்பித்தல் மட்டும் இல்லை. இதற்காக நான் பயிற்சி ஆசிரியர்களைக் குறைகூற மாட்டேன். நாம் கொடுத்திருக்கிற தலைப்புகளின் கீழ்தான் அவர்கள் எழுதுகிறார்கள்.

ஒரு வகுப்பையோ ஒரு பாடத்தையோ ஒரு பிள்ளையின் கற்றலையோ எடுத்துக்கொண்டு, நெருங்கி, பல நாள் உடனிருந்து பார்க்கும் நேர்வு ஆய்வு (இதுவும் கேஸ் ஸ்டடிதான்) எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு நான் வகுப்பில் தவறாமல் சொல்லும் சான்று, 1973 இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியது அது. ஆய்வில் அவனுக்குப் பென்னி என்று பெயர். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய கணக்குப் பயிற்சித்தாளைத் தானே செய்து, தேர்வில் 80 விழுக்காடு எடுத்ததும் அடுத்த நிலைக்குச் செல்லும் முறை நடைமுறையில் இருந்தது. பென்னி நன்றாக முன்னேறி வருவதாகவே அவனுடைய ஆசிரியர் கருதினார். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசியபோது, பின்னத்தைத் தசமமாக மாற்ற மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டி, இடையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான் அவன் என்பது தெரிந்தது. பத்தில் இரண்டு அவனுக்கு 1.2, பதினொன்றில் நான்கு 1.5; நான்கில் பதினொன்றும் அதே 1.5. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை. கணக்கு என்பது யாரோ எப்போதோ வகுத்துவைத்த விதிகளின் தொகுப்பு, விடைத்தாளில் இருப்பதோடு பொருந்தினால் அது சரி என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

அந்த ஆய்வாளர் பென்னியின் தந்தை என்ன வேலை செய்தார் என்று தேடிப் போகவில்லை. பென்னிக்கு அறிவுக் குறைவும் இல்லை. அவன் கற்ற முறையே அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. பிள்ளையோடு யாரும் கணக்கைப் பற்றிப் பேசாத, விடையை மட்டும் சரிபார்க்கிற ஒரு முறையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஆயிரம் விடைத்தாள்கள் காட்டாதபோது, ஒரு பையனோடு நடந்த உரையாடல் காட்டியது.

நமக்கு இது அயலூர்க் கதை அன்று. 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 இல் மாநிலம் முழுவதற்கும் வந்த செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்து ஏணியில் ஏறினார்கள். 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. இரண்டுமே நல்ல நோக்கத்தில் பிறந்தவை. வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற பழைய கொடுமையைக் குறைத்தவை. ஆனால் எத்தனை பேர் மொட்டிலிருந்து மலருக்குப் போனார்கள் என்று செயலியில் பதிவாவது ஒன்று; போன பிள்ளை எதைப் புரிந்துகொண்டு போனது என்பது வேறொன்று. இரண்டாவதை அறிய யாராவது அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். அவள் குறிப்பேட்டில் பின்னோக்கிப் போனால் எல்லாக் கழித்தலிலும் ஒரே ஒழுங்கு தெரிந்தது: எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதையே கழித்திருந்தாள். ஏன் அப்படி என்று கேட்டபோது, "பெருசுல இருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு ஒண்ணாப்புல டீச்சர் சொன்னாங்க" என்றாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை சொன்னது அந்த வகுப்புக்கு முற்றிலும் பொருத்தமான வாக்கியம். இரண்டு இலக்கக் கழித்தல் வந்தபோது அந்த வாக்கியத்தை யாரும் எடுத்துத் திருத்தவில்லை என்பதுதான் செய்தி. மதிப்பெண் பட்டியலில் இவள் கழித்தலில் பலவீனம் என்று மட்டும் இருந்தது. நம் பதிவேட்டு முறைப்படி இவளைத் தனியாள் ஆய்வுக்கு எடுத்திருந்தால், கவனக்குறைவு என்றும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றும் எழுதி முடித்திருப்போம். உண்மையில் அவள் ஆசிரியையின் சொல்லை மிகக் கவனமாகக் கேட்டவள்.

வீட்டைப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எதற்காகப் பார்க்கிறோம் என்பதே கேள்வி. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரச் சந்தையில் இளநீரும் பழமும் விற்ற ஐந்தே சிறுவர் சிறுமியரை வைத்துக் கராஹர் இணையரும் ஷ்லீமனும் 1985 இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கடையில் வாங்குபவர் போல் பேசிக் கேட்டபோது 98.2 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே கணக்கைப் பள்ளி முறையில் வெறும் எண்களாகத் தந்தபோது 36.8 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். முக்கூடல் பக்கம் பீடிக்கடையில் தாயோடு போய் நிற்கும் பிள்ளை, ஆயிரம் பீடிக்குக் கூலி எவ்வளவு, சரியில்லை என்று கழித்துவிட்ட பீடி போக மிச்சம் எவ்வளவு என்று மனக்கணக்குப் போடுவதை நான் கண்டிருக்கிறேன். நம் பதிவேட்டில் அந்த வீடு ஒரு குறையாக மட்டுமே பதிவாகிறது. அந்த வீட்டில் பிள்ளை எதைக் கற்றிருக்கிறது, வகுப்பறை அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டால் அதே வீடு கற்பித்தலுக்கான கருவியாகிவிடும்.

ஒரு பிள்ளையை, ஒரு பள்ளியை வைத்துப் பொதுவாக என்ன சொல்லிவிட முடியும் என்று ஆய்வுக் குழுக்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நேர்வு ஆய்வு முறை பற்றி நூல் எழுதிய ராபர்ட் யின் இதற்குச் சொல்லும் விடை, நேர்வு ஆய்வு மக்கள்தொகையைப் பற்றிப் பேசுவதில்லை, கோட்பாட்டைச் சோதிக்கிறது என்பது. அதே துறையில் எழுதிய ராபர்ட் ஸ்டேக் வேறுவிதமாகச் சொல்கிறார்: போதுமான விவரத்தோடு எழுதப்பட்ட நேர்வை வாசிக்கும் ஆசிரியர், தம் வகுப்போடு ஒப்பிட்டு எது பொருந்தும், எது பொருந்தாது என்று தாமே முடிவு செய்துகொள்வார். எனக்கு ஸ்டேக்கின் விடையே அதிகம் பிடிக்கும், ஏனெனில் அது வாசிக்கும் ஆசிரியரை நம்புகிறது.

விவரம் இல்லாமல் நேர்வை மட்டும் எடுத்துச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே வரலாறு உண்டு. 1789 முதல் சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவனான சட்டாம்பிள்ளை நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதியவன் அல்லன். பெல் 1797 இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கை, ஒரே ஒரு பள்ளியைப் பற்றியது, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் கல்வியையே மாற்றியது. ஆனால் அங்கே போனபின், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்ற சிக்கன வழியாக அது சுருங்கியது. திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் தூரத்தில் ஆசிரியர் இருந்தார் என்ற சூழல் கப்பலேறவில்லை. ஆகவே நேர்வு எழுதுபவர் வெற்றியைக் காட்டிலும் சூழலுக்கு அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டும்: எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்புகள் ஒரே அறையில், ஈராசிரியர் பள்ளியா, பாடம் காலையிலா மதிய உணவுக்குப் பிறகா என்பது வரை.

திருநெல்வேலிச் சீமையில் சூழல் என்று சொல்லும்போது, யார் யார் அருகில் அமர்கிறார்கள் என்பதை எழுதாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வன்மத்தால் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்வது முதல் அகரவரிசைப்படி மாணவரை அமர்த்துவது வரை பேசியது. வகுப்பறையில் இடம் எப்படிப் பிரிகிறது, குழு வேலையில் யார் யாரோடு சேர்கிறார்கள், ஆசிரியரின் கேள்வி எந்தப் பக்கம் அடிக்கடி போகிறது என்பது கற்றலோடு நேரடியாகத் தொடர்புடையது. எந்த அடைவுத் தேர்வும் இதைக் கேட்பதில்லை. பல வாரம் வகுப்பின் பின்னால் அமர்ந்து குறிப்பெடுப்பவரால்தான் இதைப் பார்க்க முடியும்.

அப்படிப் பார்த்ததை எழுதும்போது மிகுந்த பொறுப்பு வேண்டும். மாணவர் "அ" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் தெருவையும் தந்தையின் தொழிலையும் எழுதினால், ஓர் ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளிதான் இருக்கும் நம் பகுதியில் அது யார் என்று யாவருக்கும் தெரிந்துவிடும். வகுப்பைத் திறந்துவிட்ட ஆசிரியருக்கும் அதே பாதுகாப்பு தேவை. ஆய்வுக் குறிப்பு மேலதிகாரி கைக்குப் போய் 17 பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணையாகத் திரும்பி வரும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் உண்மையான வகுப்பை நமக்குக் காட்ட மாட்டார். அன்றைக்கு மட்டும் சார்ட்டும் மாதிரியுமாக ஒரு காட்சி வகுப்புத்தான் நடக்கும். எழுதியதை முதலில் அந்த ஆசிரியரிடம் கொடுத்து, அவர் சொல்லும் மறுப்பையும் அதே பதிவேட்டில் சேர்ப்பது என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துகிற விதி.

நேரம் இல்லை என்பது இனி சொல்லத்தக்க காரணம் அன்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுகளாகி, பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரங்களாகிவிட்டது. அதில் மூன்று வாரம் போதும். ஐந்தாம் வகுப்பில் பின்னம் என்ற ஒரே அலகை எடுத்துக்கொள்ளட்டும். ஆசிரியர் நடத்தியதைச் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். நான்கு பிள்ளைகளின் குறிப்பேட்டை நாள்தோறும் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் "இதை எப்படிச் செய்தாய்" என்று கேட்டு, விடையை அந்தப் பிள்ளையின் பேச்சிலேயே பதியட்டும். குறிப்பேடு சொல்வதும், பிள்ளை சொல்வதும், ஆசிரியர் சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று எழுதட்டும். நல்ல மாற்றம் காணப்பட்டது என்று முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாற்றம் காணப்படாத பதிவேட்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளரும் ஏற்க வேண்டும்.

அப்படி எழுதப்பட்டவற்றில் நல்லவற்றை, பெயர்களை நீக்கி, முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் போன்ற இடத்தில் தொகுத்து வைக்கலாம். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு நேர்வை உரக்க வாசித்து, "நம்ம வகுப்புல இந்தப் பிள்ளைக்கு என்ன செஞ்சிருப்போம்" என்று ஆசிரியர்களே பேசிக்கொள்ளலாம். ஆசிரியரே தம் வகுப்பின் ஆய்வாளராக வேண்டும் என்று பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975 இலேயே எழுதினார். வரும் கல்வியாண்டுக்கான பதிவேட்டுப் படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. குடும்பப் பின்னணி என்ற தலைப்புக்கு முன்னால் "நடத்தப்பட்ட பாடம்" என்ற தலைப்பைச் சேர்க்கும்படி என் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற கல்லூரிகளில் இருக்கும் நண்பர்களும் எழுதிக் கொடுங்கள்.