அரைத்தால் மணி வராது

“மூலக்கூறு அச்சுப் பாலிமர் மணி செய்வது சுலபம், பாலிமரைக் கட்டியாக்கி, அரைத்து, சலித்தால் போதும்” என்று மாணவர்களிடையே ஒரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு. (ஒரு மூலக்கூறை அச்சாக வைத்து அதைச் சுற்றிப் பாலிமரை உருவாக்கி, பிறகு அதை நீக்கினால், அதன் வடிவில் குழிகள் மிஞ்சும். அதுதான் மூலக்கூறு அச்சுப் பாலிமர். மணி என்பது அதன் நுண்ணிய உருண்டை.)

அரைத்தால் கிடைப்பது கோணல்மாணலான சில்லுகள். சல்லடையில் நுண்தூளாகவே நிறைய வீணாகும், அச்சுக்குழிகளில் சிலவும் சிதையும். அந்தச் சில்லுகள் பயனற்றவை என்று சொல்லவில்லை. 1993இல் அப்படி அரைத்த பாலிமரே, ஒரே ஒரு மெத்தில் தொகுதியில் வேறுபடும் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தையும் கஃபீனையும் பிரித்தறிந்தது. ஆனால் அவை மணிகள் அல்ல.

மணி வேண்டுமென்றால் பாலிமர் உருவாகும்போதே உருண்டையாக வேண்டும். மெத்தாக்ரிலிக் அமிலம் (பாலிமராகக் கோக்கப்படும் சிறு அலகு, அதாவது மோனோமர்), சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பான், வினையைத் தொடங்கிவைக்கும் தொடக்கி, அச்சு மூலக்கூறு எல்லாவற்றையும் தாராளமான அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் கரைத்துச் சூடாக்குங்கள். தெளிந்த கரைசல் மெல்லப் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மைதான் நுண்மணிகள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மோஸ்பாக் குழு 1999இல் இந்த வீழ்படிவு முறையில் நுண்மணிகள் செய்துகாட்டியது.

கலவையைத் தண்ணீரில் துளிகளாக்கி, துளிகளையே மணிகளாக்கும் தொங்கல் முறையும் உண்டு. அதில் ஒரு சிக்கல்: அச்சு மூலக்கூறையும் மோனோமரையும் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பைத் தண்ணீர் குலைத்துவிடும். அதனால்தான் 1996இல் அதே லுண்ட் ஆய்வாளர்கள் தண்ணீரை விட்டு, அந்தப் பிணைப்பைக் குலைக்காத பெர்ஃப்ளூரோகார்பன் (கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த சேர்மம்) திரவத்துக்குப் போனார்கள்.