தோற்கத் தெரியாத டெஸ்ட் எதற்கு?

கடந்த வெள்ளிக்கிழமை ரிலீஸைப் பற்றித்தான், அன்று வெளியான செயலியின் புதிய பதிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ன நடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை பணம் கட்டியவர்களுக்கு இரண்டு ஆர்டர் பதிவானது. மென்பொருளில் பிழை வருவது புதிதல்ல. ஆனால் அதற்குப் பிறகு அத்தனை பேர் முன்னிலையில் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை: "டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது? டெஸ்டர் எப்படிக் கோட்டைவிட்டார்?"

பச்சையாக இருந்தது உண்மை. (செயலியைத் தானாக ஓட்டிப் பார்க்கும் சிறு நிரல்தான் டெஸ்ட்; தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு.) அது எப்படிப் பச்சையானது என்று ஒருவராவது கேட்டீர்களா?

டெஸ்டரான அந்தப் பெண் எழுதிய விளக்கத்தைப் பொறுமையாகப் படித்தவர்களுக்குத் தெரியும். பணம் கட்டிய பிறகு ஆர்டர் பட்டியலில் ஒரே ஒரு வரிசை இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. பெரும்பாலும் ஒன்று வரும், சில ஓட்டங்களில் இரண்டு வரும். சர்வர் பதில் சொல்லத் தாமதமானால் செயலி அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பியது. ஏற்கெனவே வந்த கோரிக்கைதான் இது என்று அடையாளம் காண சர்வர் பக்கம் எந்த ஏற்பாடும் இல்லை. அவர் லாக் விவரங்களோடு (ஓட்டத்தின்போது பதிவான குறிப்புகளோடு) டிக்கெட், அதாவது பிழைப் புகார், போட்டார். "மறுபடி நிகழ்த்த முடியவில்லை" என்று மூடினார்கள். அதன்பின் அந்த டெஸ்ட்டுக்கு ரீட்ரை வைத்தார்கள்: தோற்றால் மூன்று முறை வரை ஓட்டு, ஒருமுறை தேறினாலும் பச்சை. தேறும்வரை ஓட்டிவிட்டு, தேறிவிட்டது என்று கொண்டாடினால் அதற்குப் பெயர் சோதனையா?

தோற்கத் தெரியாத டெஸ்ட் டெஸ்டே அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

"கூகுளே ரீட்ரை செய்கிறது" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். 2016இல் அவர்களுடைய பொறியாளர்கள் வெளிப்படையாக எழுதினார்கள்: டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் நிலையற்ற முடிவைத் தருகிறது, மொத்த டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஓரளவாவது இந்தக் கோளாறு உண்டு. ரீட்ரை செய்வதையும் மறைக்கவில்லை. ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. நிலையின்மை அளவு மீறினால் அந்த டெஸ்ட்டைத் தனியே ஒதுக்கிவைத்து, சரிசெய்யச் சொல்லி, நிரல் எழுதும் டெவலப்பருக்குப் பக் (பிழை) பதிவு செய்யும் கருவி வைத்திருக்கிறார்கள். நீங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

நெட்வொர்க் தடுமாறும், சோதனைச் சூழல் சரியாக எழும்பாது, அதற்கெல்லாம் ரிலீஸை நிறுத்த முடியுமா என்பது நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒதுக்கிவையுங்கள்; யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவையுங்கள். மூன்றாவது முயற்சியில் தேறியதை முதல் முயற்சியிலேயே தேறியதுபோல் காட்டாதீர்கள். அறிக்கையில் ஒரு வரி கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

அவ்வப்போது தோற்கும் டெஸ்ட்களுக்குக் காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடியதுதான். ஐந்து வினாடி தூங்கு என்று எழுதியிருப்பார்கள். அந்த உறுப்பு திரையில் தெரியும்வரை, அல்லது அந்தப் பதில் வரும்வரை காத்திரு என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு டெஸ்ட்கள் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்தி ஒன்றின் தரவை மற்றொன்று அழித்துக்கொண்டிருக்கும். நள்ளிரவைத் தாண்டி ஓடினால் மட்டும் தோற்கும் டெஸ்ட்டைத் திறந்து பாருங்கள், கணினியின் நேரத்தை நேரடியாகக் கேட்டிருக்கும். நேரத்தை வெளியிலிருந்து கொடுத்தால் தீர்ந்தது. நீண்ட எக்ஸ்பாத்தை (பக்கத்தில் ஓர் உறுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரியை) நம்பி எழுதிய டெஸ்ட், பக்கத்தில் ஒரு டிவ் (பெட்டி) கூடினாலே உடையும். இவை எதுவும் இல்லை என்றால்? அப்போது டெஸ்ட் சொல்வதுதான் உண்மை, பிழை உங்கள் நிரலில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நடந்தது அதுதான்.

கவரேஜ் எண்ணை, அதாவது நிரலில் எத்தனை சதவீத வரிகள் டெஸ்ட்டின்போது ஓடின என்ற கணக்கை, நீட்டுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேறொரு திட்டம் என் கைக்கு வந்தபோது கவரேஜ் 90 சதவீதத்துக்கு மேல் என்று பெருமையாக ஒப்படைத்தார்கள். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. தள்ளுபடி கணக்கிடும் ஃபங்ஷனைத் திறந்து, கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக மாற்றி எல்லா டெஸ்ட்களையும் ஓட்டினேன். தள்ளுபடி கொடுத்தால் விலை ஏறுகிறது, ஒரு டெஸ்ட்கூடச் சிவக்கவில்லை. அந்த ஃபங்ஷனுக்கான டெஸ்ட் ஃபங்ஷனை அழைத்தது, விடை காலியாக இல்லையா என்று பார்த்தது, முடிந்தது. அந்த வரி ஓடியது, அதனால் கவரேஜில் சேர்ந்தது. விடை சரியா என்று யாரும் கேட்கவே இல்லை. நான் கையால் செய்ததைத் தானாகச் செய்ய ஜாவாவுக்குப் பிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்டிரைக்கர் என்று கருவிகள் உண்டு. நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். முழு நிரலுக்கும் ஓட்ட நேரம் அதிகம் எடுக்கும். பணம், அனுமதி சம்பந்தப்பட்ட பகுதிக்காவது ஓட்டலாமே. அதுவும் வேண்டாமா? ஒரு பக்கைத் திருத்தும் முன் அந்தப் பக்கால் தோற்கும் டெஸ்ட்டை எழுதுங்கள். தோற்றதை உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு திருத்துங்கள்.

மாக் போட்டே, அதாவது உண்மையான பாகத்துக்குப் பதில் போலியை வைத்தே, எல்லாவற்றையும் சோதித்துவிடலாம் என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்ட சுமார் 40 வினாடியில் வெடித்துச் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவியில் ஏரியன் 4இலிருந்து எடுத்துவந்த நிரல், 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் போய் நிலைகுலைந்தது. விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய முக்கியமான விஷயம், முழு அமைப்பின் சிமுலேஷனில் அந்த வழிகாட்டும் கருவியை இணைக்காமல் அதற்குப் பதில் போலி வெளியீடுகளைக் கொடுத்தார்கள் என்பது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருள் புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதும் இதே கதைதான். வரையறையில் 21 உள்ளீடுகள், நிரல் கொடுத்தது 20. டெஸ்ட்கள் நடந்திருந்தன. அவற்றில் 21ஆவது இடத்துக்கு "எது வந்தாலும் சரி" என்று இருந்ததால் அந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. அங்கேயும் எல்லாம் பச்சை.

இப்போது செயற்கை நுண்ணறிவே டெஸ்ட் எழுதிவிடும் என்கிறார்கள். நிரலைப் பார்த்து எழுதும் டெஸ்ட், நிரல் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரி என்று உறுதிசெய்யும். இரண்டு ஆர்டர் போட்டால் இரண்டு ஆர்டர் என்று எழுதிவைக்கும். ஒன்றுதான் வர வேண்டும் என்பது தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும்.

அந்த மனிதரைத்தான் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டீர்கள்.

"டெவலப்பர் டெஸ்ட் எழுத ஆரம்பித்தால் நிரலை யார் எழுதுவது?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே சோதிப்பது) இல்லாமல் நிரலைத் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் பிரவுசர் வழியாக டெஸ்டர் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களிடம் பேசி அலுத்துவிட்டது. கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்பதைச் சர்வர் பக்கம் சில வரி டெஸ்ட்டில், நொடிப்பொழுதில், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சோதித்திருக்கலாம். அதை எழுத வேண்டியவர் டெவலப்பர். எழுதவில்லை. பிரவுசர் டெஸ்ட் எப்படியோ தட்டுத்தடுமாறி அதைக் கண்டுபிடித்துச் சொன்னது, அதன் வாயையும் அடைத்தீர்கள்.

டெஸ்டர்களோடு வேலை செய்து வளர்ந்தவன் நான். வடிவமைப்பு பேசும் கூட்டத்துக்கு அவர்களை அழைக்க மாட்டார்கள். தேவை மாறினால் கடைசியில்தான் தெரியும். டெவலப்மென்ட் தள்ளிப்போன நாட்களெல்லாம் அவர்களுடைய நாட்களிலிருந்துதான் கழியும். "சும்மா கிளிக் செய்து பார்ப்பதுதானே" என்று காதுபடச் சொல்வார்கள். எதுவும் உடையாத ரிலீஸுக்கு வாழ்த்துப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. உடைந்தால் முதல் பெயர் அவர்களுடையது. இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோயிருக்கிறது.

டிக்கெட்டை மூடியவர் யார், ரீட்ரை சேர்த்தவர் யார் என்பது மாற்றங்களின் வரலாற்றில் பதிவாகி இருக்கிறது. அந்தப் பெயர்களை இழுத்துப்போட்டு அசிங்கப்படுத்தச் சொல்லவில்லை. அந்த டெஸ்டரிடம் கேட்ட கேள்வியை, கேட்ட இடத்திலேயே திரும்பப் பெறுங்கள். டிக்கெட்டை மீண்டும் திறந்து, ரீட்ரையை நீக்கி, சர்வர் பக்க டெஸ்ட்டை எழுதுங்கள். அடுத்த ரிலீஸின் வடிவமைப்புக் கூட்டத்துக்கு அவரை முதல் நாளே அழையுங்கள்.