கொலை சரி, கம்பளத்தை யார் துடைப்பது?

அண்ணாச்சி: தம்பி, நடுக்கடலில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டால் உடலைக் கப்பலில் எங்கே வைப்பார்கள்?

தம்பி: ஏன் அண்ணாச்சி, மதினியும் கூட வருகிறார்களா?

அண்ணாச்சி: ஏலே, நாவல் எழுதுகிறேன்! சொகுசுக் கப்பலில் ஒரு கொலை. நீ அங்கே ரூம் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன், உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

தம்பி: கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு சவக்கிடங்கு இருக்கும். வயதானவர்கள் நிறைய வருவார்கள், மாரடைப்பு அது இதென்று நடக்கத்தான் செய்யும். மதினிக்கு பிரஷர் இருக்கிறதல்லவா?

அண்ணாச்சி: மதினியை விடு. சாவது ஒரு கோடீஸ்வரி. பால்கனி அறை, வெள்ளைக் கம்பளம், அது முழுக்க ரத்தம்.

தம்பி: வெள்ளையா? அதை யார் துடைப்பது?

அண்ணாச்சி: அது கதைக்கு எதற்கு? கதவு பூட்டியபடியே இருக்கிறது. கொலைகாரன் எப்படி உள்ளே போனான் என்பது யாருக்கும் தெரியவில்லை.

தம்பி: ஏன் தெரியாது? இப்போதெல்லாம் சாவி கிடையாது, அட்டைதான். எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்பது பதிவாகிவிடும்.

அண்ணாச்சி: அப்படியானால் பால்கனியிலிருந்து தள்ளிவிடுகிறான்.

தம்பி: கைப்பிடி 42 அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2010-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். மதினிக்கு அது நெஞ்சு வரை வரும். தள்ளினால் போகாது, தூக்கத்தான் வேண்டும். உங்களுக்கோ மூட்டுவலி.

அண்ணாச்சி: நான் கொல்லவில்லை என்கிறேன்! சரி, கொலை எப்படியோ நடந்துவிட்டது. துப்பறிவாளர் எல்லாரையும் ஹாலுக்கு வரச்சொல்லி உட்கார வைக்கிறார்.

தம்பி: மூவாயிரம் பேரையுமா? அகதா கிறிஸ்டி 1937-இல் நைல் நதியில் நீராவிப் படகை விட்டாரே, அதில் பயணிகளே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதனால் விசாரிக்க முடிந்தது. உங்கள் ஆள் பஃபே வரிசையை விசாரித்து முடிப்பதற்குள் கப்பல் கரைக்குப் போய், சந்தேகப்பட்டவன் பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்கி வீட்டுக்கே போயிருப்பான். போதாததற்கு, கப்பலில் பறப்பது பஹாமாஸ் கொடியாக இருந்தால் நடுக்கடலில் அந்த நாட்டுச் சட்டம். உங்கள் துப்பறிவாளர் எந்த ஊர்?

அண்ணாச்சி: பாளையங்கோட்டை.

தம்பி: விளங்கும்.

அண்ணாச்சி: நீ அந்த நைல் கதையைப் படித்திருக்கிறாயா!

தம்பி: பயணிகள் அறையில் விட்டுப்போகிற புத்தகங்கள்தான் எங்களுக்கு நூலகம். பக்கமெல்லாம் சன்ஸ்கிரீன் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதில் முதலில் செத்த பணக்காரப் பெண்ணுக்காகப் புத்தகம் முழுக்க விசாரணை. இரண்டாவதாகச் செத்தது யார்? அவளுடைய பணிப்பெண்.

அண்ணாச்சி: அவள் பார்த்ததைச் சொல்லாமல், கொலைகாரனிடமே பணம் கேட்டாள். தப்புத்தானே?

தம்பி: ஒழுங்காக டிப்ஸ் கொடுத்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள்.

அண்ணாச்சி: அட, நல்ல யோசனை கொடுத்தாய்! என் கதையிலும் முதலில் ஸ்டூவர்டு மேல் சந்தேகம் வரட்டும்.

தம்பி: அதுதானே பார்த்தேன். எங்களை ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று சர்வதேச விதியே இருக்கிறது, அதில் ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது, அறை அறையாகப் போய்ப் படுக்கை விரித்து, கழிவறை தேய்த்து, யாரோ பெற்ற பிள்ளைக்காகத் துண்டை யானையாக மடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, மிச்ச நேரத்தில் நான் போய்க் கோடீஸ்வரியைக் கொல்ல வேண்டுமாக்கும். கொன்றாலும் அந்தக் கம்பளத்தை நான்தான் துடைக்க வேண்டும். இது தெரிந்து எவன் கொல்லுவான்?

அண்ணாச்சி: கோபப்படாதே. சந்தேகம் வேண்டாம், எடுத்துவிடுகிறேன். பிணத்தை முதலில் பார்ப்பது மட்டும் நீ.

தம்பி: பெயர் போடுவீர்களா?

அண்ணாச்சி: பெயரெல்லாம் எதற்கு? ‘ஸ்டூவர்டு வீறிட்டு அலறினான்’, அவ்வளவுதான்.

தம்பி: அலற முடியாது அண்ணாச்சி. பக்கத்து அறைக்காரர் தூக்கம் கெட்டதென்று கருத்துப் படிவத்தில் எழுதிவிடுவார். அப்புறம் எனக்கு அடுத்த காண்ட்ராக்டை நீங்களா வாங்கித் தருவீர்கள்?