‘கவனம், உடையும்’ என்று ஒட்டினால் உடையாமல் வந்துவிடுமா?

கூரியரில் வந்த வயலின் உடைந்துவிட்டது, கிட்டாரின் கழுத்து முறிந்துவிட்டது, மிருதங்கத்தின் கரணை (முகத்தின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்) வெடித்துவிட்டது என்று யாராவது படத்தோடு பதிவு போட்டால் உடனே எல்லோரும் கீழே வந்து கூரியர்காரரைத் திட்டுகிறார்கள். திட்டுங்கள், அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் படங்களில் வாத்தியத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். ஒற்றைக் காட்போட், உள்ளே கசக்கிய நாலு பழைய பேப்பர், அரைச் சுற்று பபிள் ராப், வெளியே எல்லாப் பக்கமும் சிவப்பு எழுத்தில் ‘கவனம், உடையும்’. பெரும்பாலான வாத்தியங்களுக்குக் கேடு தொடங்குவது கட்டுகிற மேசையில்தான் என்பது என் கருத்து. கட்டுகிறவருக்கு அந்த வாத்தியத்தில் எந்த இடம் பலவீனம் என்று தெரியாது. தெரிந்தவர் கட்டிக் கொடுத்தாலும் அதற்குரிய காசைக் கொடுக்க நமக்கு மனம் வராது.

திருகோணமலையில் கொடுத்த ஒரு பார்சல் எத்தனை கை மாறும் என்று யோசித்துப் பாருங்கள். கடை மேசையிலிருந்து வானுக்கு, வானிலிருந்து களஞ்சியத்துக்கு, அங்கே தரம் பிரித்து லொறிக்கு, பிறகு வேறொரு ஊர்க் கிளைக்கு, கடைசியில் ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கு. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது கொழும்பு போய்த் திரும்பிய கதையும் உண்டு. இதில் ஒருவருக்கும் அந்த ஸ்டிக்கரை நின்று வாசிக்க நேரமில்லை. பொதிகளைச் சோதிக்க ‘இஸ்டா’ என்ற சர்வதேச அமைப்பு வைத்திருக்கிற அடிப்படைச் சோதனையில், ஒன்பதரைக் கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம் என்று 10 தடவை போட்டுப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட இடுப்புயரம். பெட்டி விழும் என்று அவர்களே எதிர்பார்க்கிறார்கள், நாம் மட்டும் விழாது என்று நம்பிக் கட்டுகிறோம்.

அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வாத்தியத்தின் உடம்பைத் தெரிந்திருக்க வேண்டும். போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து வயலின் வந்தது. வெளியே ஒரு கீறலும் இல்லை, தகப்பனுக்கு நல்ல சந்தோஷம். கையில் எடுத்துச் சரித்தால் உள்ளே ஏதோ கடகடவென்று உருள்கிறது. சவுண்ட் போஸ்ட். மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நிற்கிற அந்தச் சின்னக் குச்சிக்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அனுப்பியவர் பாதுகாப்பென்று நினைத்து நாலு தந்தியையும் முழுக்கத் தளர்த்திவிட்டார். தந்திகளைத் தாங்கி நிற்கிற குதிரை படுத்துவிட்டது, குச்சியும் விழுந்துவிட்டது. அதைத் திரும்ப நிறுத்த மேல் பலகையில் f எழுத்து வடிவில் இருக்கிற எஃப் துளைக்குள்ளால் வளைந்த கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, சரியான இடத்தில், சரியான சாய்வில் வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர் செய்தால் துளையின் ஓரம் சிராய்ந்துபோகும். அந்த வேலைக்காக அந்த வயலின் திரும்பக் கொழும்புக்கே போனது, அதுவும் கூரியரில். தந்தியை ஒரு சுரம், மிஞ்சினால் ஒன்றரைச் சுரம் இறக்கினால் போதும். குதிரையின் இரண்டு பக்கமும், தந்திகளின் அடிநுனியைப் பிடித்திருக்கிற டெயில்பீஸுக்குக் கீழேயும் மெல்லிய துணி மடித்து வைக்க வேண்டும். வில்லின் மயிரைத் தளர்த்த வேண்டும். வில்லில் பூசுகிற ரோசின் கட்டி, தோள்தாங்கி எல்லாம் கேஸுக்கு வெளியே வேறு பையில் போக வேண்டும், இல்லாவிட்டால் வழி முழுக்க அவையே வயலினைக் குத்திக்கொண்டு வரும்.

கிட்டாருக்குக் கதை வேறு. அங்கே உலோகத் தந்திகளென்றால் மொத்த இழுவை எழுபது கிலோ அளவில் வரும், ஆகவே நன்றாகவே தளர்த்தலாம். ஆனால் முறிவது பெரும்பாலும் கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில். ஹார்ட் கேஸில் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். கேஸ் தடாலென்று மல்லாக்க விழும்போது உடம்பு நின்றுவிடும், தந்தி முறுக்குகிற சாவிகளின் பாரத்தோடு இருக்கிற தலை நிற்காது, பின்னால் போய் முறியும். தலைக்குக் கீழேயும் கழுத்துக்குக் கீழேயும் துணியோ ஸ்பொஞ்சோ இறுக்கமாக வைத்து, கேஸைக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு அசைவும் இருக்கக் கூடாது. அப்புறம் அந்தக் கேஸை இன்னொரு பெட்டிக்குள் வைத்துச் சுற்றிவர நாலு விரல் இடைவெளியை ரெஜிபோமால் நிரப்ப வேண்டும். ‘கேஸே பெட்டிதானே அண்ணை’ என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அடியைத் தாங்கி நசுங்குகிறதுதான் வெளிப்பெட்டியின் வேலை, கேஸ் நசுங்காமல் அடியை உள்ளே அனுப்பிவிடும்.

மிருதங்கம் பார்க்கப் பலமானது, பலாக்கட்டைதானே, அதனால் எல்லோரும் அதை அலட்சியமாகக் கட்டுகிறார்கள். அதன் உயிர் இரண்டு முகத்திலும் இருக்கிறது. வலது முகமான வலந்தலையின் கரணை, கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. அதில் ஒரு மூலை குத்தினால் செதில் செதிலாக விடும், பிறகு எவ்வளவு தட்டினாலும் அந்த நாதம் வராது. நான் பார்த்த அளவில் நல்ல வழி, முகத்தின் அளவுக்குப் பலகையிலோ தடித்த காட்போட்டிலோ வட்டம் வெட்டி, விளிம்பில் மட்டும் துணிச் சும்மாடு சுற்றி வைத்துக் கட்டுவது. பாரம் முழுக்க விளிம்பில் இறங்கும், கரணையை ஒன்றும் தொடாது. இன்னொன்று, இடது முகமான தொப்பியில் பூசிய ரவையை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து, நிழலில் காயவிட்டுத்தான் கட்ட வேண்டும். மாரி காலத்தில் ரவை ஒட்டியபடி பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி அனுப்பிப் பாருங்கள், போய்ச் சேரும்போது பூஞ்சணம் பூத்திருக்கும். எலிக்கும் கரப்பானுக்கும் அந்த ரவை நல்ல விருந்து, களஞ்சியங்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பொலித்தீன் வெளியே மழைக்கு இருக்கட்டும், தோலுக்கு மேலே பருத்தித் துணி, பக்கத்தில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம். போல்ட் மிருதங்கமென்றால் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தோல் வாரால் இழுத்துக் கட்டிய வார் மிருதங்கத்தில் தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

நாதஸ்வரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு முடிந்தால் சட்டைப் பையில் கொண்டு போங்கள். தவிலைக் கூரியரில் அனுப்புகிற வித்துவான் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அவர்கள் வானில் பக்கத்து இருக்கையில் தவிலை வைத்துக்கொண்டு போகிறவர்கள், விஷயம் தெரிந்தவர்கள்.

இப்போது வீணை. இங்கேதான் எனக்கு முழுக் கோபமும். வீணையைக் கூரியரில் அனுப்பவே கூடாது என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம், விற்கிறவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. கழுத்துப் பகுதியான தண்டியின் மேல் சுரங்களுக்காக வரிசையாக இருக்கிற இருபத்துநாலு மெட்டும் நிற்பது மெழுகில். தேன்மெழுகும் கரியும் கலந்த அந்த மெழுகுக்கு ஆணியும் திருகும் துணையில்லை. நம்முடைய ஊரில் கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் நண்பகலில் மூடின லொறிக்குள் கையை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் அந்த லொறி ஒரு சாப்பாட்டுக் கடையின் முன்னால் வெயிலில் நின்றால் போதும், மெழுகு இளகி, தந்தியின் அழுத்தத்தில் மெட்டு ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை சரியும். பார்க்க ஒன்றும் தெரியாது, வாசித்தால் காந்தாரம் எங்கேயோ போய் நிற்கும். திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாக மெழுகில் நிறுத்த, ஆள் வேண்டும். தஞ்சாவூரிலென்றால் தெருவுக்குள் ஆள் இருப்பார், திருகோணமலையில் நான் யாரிடம் போவேன்? குளிர் நாட்டுக்குப் போனால் இதற்கு எதிர்மாறு, மெழுகு இறுகி வெடிக்கிறது. ரொறன்ரோவில் மாரி காலத்து வீட்டுக்குள் ஹீற்றர் போட்டுக் காற்று காய்ந்து கிடக்கும், ஈரப்பதம் நாற்பது வீதத்துக்குக் கீழே இறங்கினால் பலா மரமே வாய் பிளக்கத் தொடங்கும். இங்கே கடற்கரைக் காற்றில் ஊறின மரம் அது.

அப்படியும் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள், அது திருகில் கழரும். யாளி முகத்துக்கு மேலும் கீழும் பஞ்சு வைத்து முகம் எதிலும் முட்டாமல் பாருங்கள். குடமும் தண்டியும் சேருகிற இடத்துக்கு அடியில் தாங்கல் வேண்டும், ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையானாலும்தான். ஒட்டு வீணையென்றால் சொல்லவே வேண்டாம், இழுபடுகிற இடம் அதுதான். வெளியே மரப்பெட்டி. குளிர் நாட்டில் வந்திறங்கினால் பெட்டியை வாங்கினவுடன் உடைத்துத் திறக்காமல் வீட்டுக்குள் ஒரு முழு நாள் அப்படியே வைத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் குளிர்ந்த மரத்தைச் சட்டென்று சூட்டுக்குள் எடுத்தால் வார்னிஷ் வெடிக்கும், மேலே நீரும் கோர்க்கும்.

இராவணன் கொடுத்து வைத்தவன். கோணேசர் மலையடியில் தன் நரம்பையே எடுத்து யாழாக்கி வாசித்தவனாம், அவனுக்கு இந்தப் பார்சல் கவலையெல்லாம் இல்லை. அந்த மலையில் இருக்கிற பிளவான இராவணன் வெட்டைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும்.

சரி, காசுக்கு வருவோம், சண்டை முழுக்க அங்கேதானே. வெளிநாட்டுக் கூரியரில் உண்மையான நிறையும் பெட்டி அடைக்கிற இடமும் என்று இரண்டு கணக்கு உண்டு, எது கூடுதலோ அதற்குத்தான் பில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். 140, 45, 45 அளவில் ஒரு வீணைப் பெட்டி செய்தால் 56.7 கிலோ வருகிறது, உள்ளே இருக்கிற வீணையின் நிறை அதில் ஒரு சின்னப் பங்குதான். 75, 40, 40 பெட்டியில் மிருதங்கம் 24 கிலோ. இதைக் கேட்டதும் நம்மவர் செய்கிற முதல் வேலை பெட்டியைச் சின்னதாக்குவது. சுற்றிவர விட்ட நாலு விரல் இடைவெளிதான் முதலில் போகும். நிறை குறைந்தது, கட்டணம் குறைந்தது, வாத்தியமும் போனது.

உடைந்தால் காசு தருவார்கள்தானே என்று நினைக்கிறவர்கள், கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தை ஒரு தடவை வாசியுங்கள். சர்வதேச விமானச் சரக்குக்கு மொன்றியல் உடன்படிக்கை வைத்திருக்கிற உச்சப் பொறுப்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்பனவு உரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 35 அமெரிக்க டொலர். பெட்டியோடு மூன்று கிலோ வருகிற வயலினுக்கு நூறு டொலர் பக்கம். அதன் பெறுமதி எவ்வளவாக இருந்தாலும் கணக்கு நிறையில்தான், பெறுமதியை முன்கூட்டியே அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய. காப்புறுதி எடுத்தாலும் வாத்தியங்களுக்குப் பொருந்துமா, ‘பொதி சரியாகக் கட்டப்படவில்லை’ என்று சொல்லிக் கையை விரிக்க இடம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். கட்டுவதற்கு முன்னால் வாத்தியத்தை எல்லாப் பக்கத்தாலும் படம் எடுங்கள், ஒவ்வொரு அடுக்குக் கட்டும்போதும் எடுங்கள். வாங்குகிறவர் திறக்கும்போது வீடியோ எடுக்கட்டும். இல்லாவிட்டால் வாய்ப்பேச்சுத்தான் மிஞ்சும்.

ஈட்டி மரம் (ரோஸ்வுட்) உள்ள கிட்டாரை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, சுங்கத்தில் பறிப்பார்கள் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்த மர வகைகளுக்கு 2017-இல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய உடன்படிக்கை) கட்டுப்பாடு வந்தது உண்மை, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் அதை விலக்கியும் விட்டார்கள். பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அவுஸ்திரேலியாவுக்கு மிருதங்கம் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: விலங்குத் தோல், மரம் எல்லாம் அங்கே அறிவிக்க வேண்டிய பொருள், தோலில் மயிரோ அழுக்கோ பூச்சியோ இருந்தால் மறித்து வைப்பார்கள். ரவையைத் துடையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு இலட்சத்துக்கு வாத்தியம் வாங்குகிற அதே ஆள், ‘பெட்டி கட்ட மூவாயிரம் தனியாக’ என்று கடைக்காரர் சொன்னவுடன் ‘அதென்ன அண்ணை, அதையும் சேர்த்துத் தாங்கோ’ என்கிறார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டு சேர்த்துத்தான் கொடுக்கிறார், அந்த மூவாயிரத்துக்குரிய பெட்டியை மட்டும் கொடுக்க மாட்டார். பொதி கட்டுவதை ஒரு வேலையாக மதித்து பில்லில் தனி வரியாகப் போடுகிற கடையில்தான் நான் வாங்குவேன், இருநூறு முந்நூறு கூடினாலும். உள்ளே என்ன வைத்துக் கட்டினீர்கள் என்று கேட்டால் மூஞ்சியைச் சுளிக்கிற கடையில் வாங்க மாட்டேன். கூரியர் தம்பிமாரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை, அவர்களுக்கு அன்றைக்கு நூற்றுக்கணக்கில் பெட்டி, அதில் ஒன்று வீணை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணமும் இருக்கிறது. உவர்மலையில் ஒரு வீட்டில் ஒரு பழைய தஞ்சாவூர் வீணை கொழும்புக்குப் போவதற்குக் காத்திருக்கிறது, வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை அதில் படிக்கப் போகிறாள். இரவு ரெயிலிலோ வானிலோ போகிறவர்கள் யாராவது பக்கத்தில் வைத்துக் கொண்டுபோகச் சம்மதித்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வானென்றால் பின் இருக்கை முழுக்க அதற்கு வேண்டும், அந்த இருக்கைக்கான காசு நாங்கள் தருவோம். டிக்கியில் வைக்கலாமா என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.