வணிகக் குடியரசில் வணிகம் எங்கே?

ஃபேன்டசி கதையில் வணிகக் குடியரசு என்று ஒன்று வந்தாலே அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. துறைமுக நகரம், பட்டு உடுத்திய தொந்திக்காரர்கள், முகமூடி, விஷம். எதிரி வந்தால் ஒரு பெட்டி பொற்காசைத் திறப்பார்கள், கூலிப்படை வந்து நிற்கும். சரி, இதில் வணிகம் எங்கே? ஒரு ராஜாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் பத்துப் பணக்காரர்களை உட்கார வைத்தால் அது குடியரசு ஆகிவிடாது.

வணிகத்தால் ஆள்வது என்றால் அடுத்தவரைக் கடனில் கட்டிப்போடுவது, இல்லையென்றால் அவருக்கு வேண்டிய சரக்கைத் தர மறுப்பது. இரண்டுக்கும் வரலாற்றிலேயே கதை கொட்டிக் கிடக்கிறது.

இத்தாலியின் துறைமுகக் குடியரசான வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1201இல் சிலுவைப்போர்த் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: 33,500 வீரர்களையும் 4,500 குதிரைகளையும் கடல் கடத்திவிட 85,000 மார்க் (அன்றைய எடை அளவு) வெள்ளி. கப்பல் கட்டுவதற்காக நகரம் தன் வழக்கமான வியாபாரத்தையே ஒதுக்கி வைத்தது. மறு ஆண்டு வந்து சேர்ந்ததோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான். இருந்ததையெல்லாம் திரட்டியும் 34,000 மார்க் துண்டு விழுந்தது. படை கடனாளி, சரி. ஆனால் அந்தக் கடன் வராவிட்டால் வெனிஸும் திவால். யார் யாரிடம் மாட்டிக்கொண்டார்கள் என்றே சொல்ல முடியாத நிலை. வெனிஸின் டோஜே, அதாவது ஆட்சித் தலைவர், கண் தெரியாத முதியவரான என்ரிகோ டாண்டோலோ ஒரு வழி சொன்னார்: கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், போகிற வழியில் ஸாரா நகரத்தைப் பிடித்துக் கொடுங்கள். ஸாராவும் கிறிஸ்தவ நகரம்தான். போப் தடுத்தும் பிடித்தார்கள். அப்புறம் பைசாந்திய இளவரசன் ஒருவன், என்னை அரியணையில் ஏற்றினால் உங்கள் கடனை அடைக்கிறேன் என்று வந்தான். அவனாலும் சொன்னபடி கொடுக்க முடியவில்லை. 1204இல் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளைப் படை சூறையாடியது. பேரரசைப் பங்கு போட்டபோது எட்டில் மூன்று பங்கு வெனிஸுக்கு.

எந்த மந்திரவாதியும் இல்லாமல், வசூலாகாத ஒரு கணக்கு மூன்றே ஆண்டுகளில் ஒரு பேரரசைச் சாய்த்திருக்கிறது. எந்த டிராகனையும் விட எனக்கு இது பயமாக இருக்கிறது.

டோஜே என்றதும் சர்வாதிகாரி என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தைக்கூட அவர் தனியாகப் பிரித்துப் படிக்க முடியாதபடி பின்னாளில் கட்டிப்போட்டார்கள். 1268 முதல் அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி வரும். யாரும் யாரையும் நம்பாத ஊரின் சட்டம் அது. நம் கதாசிரியர்கள் இந்த அவநம்பிக்கையை விஷக் குப்பியில் அடைத்துவிடுகிறார்கள். வெனிஸ்காரர்கள் அதை நடைமுறை விதியாக்கி வைத்திருந்தார்கள்.

உள்ளூர்ப் பகையும் வியாபாரத்திலிருந்தே முளைக்கும். கொலெகான்சா என்று ஒரு கூட்டு முறை இருந்தது. ஊரில் இருப்பவர் முதல் போடுவார், கப்பலேறிப் போகிறவர் உழைப்பைப் போடுவார், லாபத்தில் நாலில் ஒரு பங்கு அவருக்கு. கையில் காசில்லாதவனும் நாலைந்து பயணத்தில் பெரிய ஆளாகலாம். பழைய குடும்பங்கள் சும்மா இருக்குமா? 1297இல் தொடங்கி, நகரை ஆண்ட பெருஞ்சபையின் இடங்களைப் படிப்படியாகப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டார்கள். ஏணியில் ஏறியவர்களே ஏணியை எடுத்துப்போட்ட கதை. இதை யாராவது நாவலாக எழுதினால் வரிசையில் நின்று வாங்குவேன்.

சரக்கை மறுப்பதற்கு 1284 நார்வே. அங்கே போதுமான தானியம் விளையாது. ஹான்சா என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்திருந்த ஜெர்மன் வணிக நகரங்கள் தானியத்தையும் மாவையும் பீரையும் நிறுத்தின. நார்வே இறங்கிவந்து இழப்பீடும் சலுகைகளும் கொடுத்தது. நார்வே மன்னரை விட எனக்குச் சுவாரஸ்யமாகத் தெரிவது அந்த ஜெர்மன் நகரங்களில் ஒன்றான பிரெமன். அந்தத் தடையில் சேர மாட்டோம் என்று அது மறுத்துவிட்டது. மற்றவர்கள் அதை ஒதுக்கி வைத்தார்கள். 1358 வரை அது கூட்டமைப்புக்கு வெளியேதான் நின்றது. எல்லோரும் விற்க மறுக்கும்போது விற்பவனுக்குத்தான் கொள்ளை லாபம். அதனால் தடை போடும் நகரங்கள் நார்வேயை விடத் தங்கள் கூட்டாளிகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கும். எந்த ஃபேன்டசி வணிகர் சபையிலும் இப்படி ஒரு பிரெமனை நான் இன்னும் படிக்கவில்லை. நீங்கள் படித்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.